தட்டணு கேள்வி-பதில்: முதலில் குழாயின் நிறத்தைச் சொல்லுங்கள்

செயலூக்கம் பெற்ற, அதாவது உசுப்பப்பட்ட, தட்டணு (இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) புதுப் புரதம் தயாரிக்கிறதா? (லேப் மாணவி, சுங்கை சிப்புட்)

பெரும்பாலும் இல்லை. இருப்பதைத்தான் வெளியே எடுத்து வைக்கிறது. பி-செலெக்டின் என்ற புரதம் தட்டணுவுக்குள் இருக்கும் ஆல்ஃபா துகள்கள் என்ற சிறு பைகளின் சவ்வில் தயாராகக் காத்திருக்கும். துகள் வெளிச்சவ்வோடு ஒட்டியதும் சில நிமிடங்களில் மேலே வந்துவிடும்; அதுதான் தட்டணு உசுப்பப்பட்டதன் அடையாளம். சிடி63 என்ற இன்னொரு புரதம் அடர்துகள், லைசோசோம் என்ற வேறு பைகளிலிருந்து வரும். ஜிபி டூபி-த்ரீஏ (GPIIb/IIIa) என்ற ஏற்பி அப்படியல்ல. தட்டணுவுக்குச் சுமார் 80,000 என்று மேற்பரப்பிலேயே மடங்கிக் கிடந்து, உசுப்பியதும் நிமிர்ந்து ஃபைப்ரினோஜன் என்ற உறைதல் புரதத்தைப் பிடிக்கும். பேக்-1 (PAC-1) என்ற சோதனை எதிர்ப்பொருள் நிமிர்ந்ததில் மட்டுமே ஒட்டும்.

உசுப்பியதும் மேற்பரப்பில் எல்லாப் புரதமும் அதிகமாகுமா?

ஆகாது. த்ராம்பின் என்ற உறைதல் நொதி பட்டால் ஜிபி ஒன்பி என்ற மேற்பரப்புப் புரதம் உள்ளே இழுக்கப்படும். ஜிபி சிக்ஸ் என்ற இன்னொன்று வெட்டுப்பட்டு உதிரும்.

ஐயா, நல்ல திடகாத்திரமான பால்மரத் தொழிலாளி. தட்டணு உசுப்பல் சோதனைக்கு அவர் இரத்தத்தை ஐஸில் வைத்து வேனில் ஈப்போவுக்கு அனுப்பினோம். 40 சதவீதத் தட்டணுக்களில் பி-செலெக்டின் தெரிகிறது என்கிறார்கள். என்ன நோய்? (தோட்ட கிளினிக் ஊழியர்)

நோய் அவருக்கில்லை, தம்பி, உங்கள் ஐஸ் பெட்டிக்கு. எத்தனை தடவை எழுதுவது? குளிர் பட்டாலே தட்டணு தட்டு வடிவம் இழந்து உசுப்பப்படும். எந்தக் குழாய், எத்தனை மணிக்கு எடுத்தது, இரண்டையும் நீங்கள் எழுதவில்லை. ஊதா மூடி என்றால் அது ஈடிடிஏ; கால்சியத்தைப் பிடுங்கிவிடும், பேக்-1 அதில் வேலைக்கு ஆகாது.

வெளிர்நீல மூடி, 3.2 சதவீத சோடியம் சிட்ரேட், கோடு வரை இரத்தம். 21 கேஜ் ஊசி. கட்டுப்பட்டையை இறுக்கிக் கட்டாதீர்கள், நரம்பு கிடைத்ததும் தளர்த்துங்கள். முதல் 2, 3 மில்லியை வேறு குழாய்க்கு விடுங்கள். ஊசி குத்திய இடத்தின் த்ராம்பின் அதில்தான் இருக்கும். மூன்று நான்கு தடவை மெல்லக் கவிழ்த்தால் போதும், குலுக்க வேண்டாம். அறை வெப்பம், 20 முதல் 24 டிகிரி. எடுத்த அரை மணிக்குள் நீர்க்கச் செய்து, ஒளிரும் எதிர்ப்பொருளால் நிறமேற்றி, இருட்டில் 15, 20 நிமிடம் வைத்து, பிறகு தட்டணு அப்படியே நிலைத்து நிற்க 1 சதவீத பாராஃபார்மால்டிஹைடு. பேக்-1ஐ அதற்கு முன்பே சேருங்கள், பின்னால் சேர்த்தால் ஒட்டாது. இந்த வரிசை முடிந்த மாதிரியைத்தான் வேனில் ஏற்றலாம், அதைக் குளிரிலும் வைக்கலாம். இப்படிப் பதப்படுத்தாத இரத்தத்தைச் செம்மண் சாலையில் குலுங்கவிட்டு அனுப்பினால், வருகிற எண் சாலையைப் பற்றியது. ஒவ்வொரு தடவையும் உசுப்பாத மாதிரி ஒன்று, ட்ராப்-6 (த்ராம்பினைப் போலத் தட்டணுவை உசுப்பும் பெப்டைடு) போட்ட மாதிரி ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி வந்தால் முடிவை வெளியிடாதீர்கள்.

மகனுக்கு டெங்கி, தட்டணு 60,000. இந்தத் தட்டணு உசுப்பல் சோதனை எடுக்கலாமா?

வேண்டாம். தட்டணு எண்ணிக்கையும் ஹெமட்டோக்ரிட்டும் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) மருத்துவர் பார்ப்பார். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் தொடக்கூடாது. பப்பாளி இலைச்சாறு கொடுத்தாயிற்று என்று மருத்துவமனைக்குப் போகாமல் இருக்காதீர்கள்.

ஆஸ்பிரின் சாப்பிடுபவருக்கும் பி-செலெக்டின் ஏறுகிறதே?

ட்ராப்-6 போட்டால் ஏறத்தான் செய்யும், ஆஸ்பிரின் அடைப்பது த்ராம்பாக்சேன் என்ற பொருளின் வழியை, ட்ராப்-6 அதைத் தொடாமல் வேறு வழியில் போகிறது. ஆஸ்பிரின் பலனைப் பார்க்க, அந்த வழியாகவே உசுப்பும் அராக்கிடோனிக் அமிலத்தை மாதிரியில் போடுங்கள்.

பி-செலெக்டின் இல்லையென்றால் தட்டணு உசுப்பப்படவே இல்லை என்று சொல்லலாமா?

முடியாது. இரத்த ஓட்டத்தில் சுற்றும்போதே தட்டணு அதை உதிர்த்துவிடும், பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். மோனோசைட் என்ற வெள்ளையணுவோடு ஒட்டிய தட்டணுக்களையும் எண்ணுங்கள், அந்தத் தடயம் நீடிக்கும். அதற்கும் ஐஸ் வேண்டாம்.