போல்ட் முறிஞ்சா உடனே ஈஸி அவுட் வாங்க ஓடாதீங்க

கேள்வி: அண்ணே வணக்கம், நான் சென்னை கொரட்டூர். 14 வருஷ பழைய மாருதி வச்சிருக்கேன், வண்டி சூடேறுதுன்னு தெர்மோஸ்டாட்ட வீட்லயே மாத்தலாம்னு உட்கார்ந்தேன். இன்டேக் மேனிஃபோல்ட் (இன்ஜினுக்கு காத்து போற குழாய்) மேல இருக்கற அந்த மூடிக்கு ரெண்டே போல்ட்தான், ரெண்டும் 12 ஸ்பானர். ஒண்ணு நல்லா வந்துடுச்சு. ரெண்டாவது லேசா திரும்பின மாதிரி இருந்துச்சு, அப்புறம் பார்த்தா தலை மட்டும் கையோட வந்துடுச்சு. மூடிய எடுத்துட்டேன், மிச்ச போல்ட் ஒரு 4 மி.மீ. வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது, பிளையர் போட்டா வழுக்குது. ஹார்டுவேர் கடையில, முறிஞ்ச போல்ட்டுக்குள்ள இறக்கி திருப்பி எடுக்கற ஈஸி அவுட் 5 பீஸ் செட் 180 ரூபாங்கறாங்க, ஆன்லைன்ல லெஃப்ட் ஹேண்ட் டிரில்லோட சேர்த்து 1,400 காட்டுது, பக்கத்து மெக்கானிக் மேனிஃபோல்டையே மாத்திடலாம்ங்கறார். எதுக்கு காசு போடறது?

பதில்: தம்பி, முதல்ல அந்த பிளையர கீழ வைங்க. வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற 4 மி.மீ.தான் இப்ப உங்க கையில இருக்கற சொத்து, அத வழுக்கி வழுக்கி மழுங்க விட்டுட்டா அப்புறம் வேலை மூணு மடங்கு. மேனிஃபோல்ட் மாத்தறது கடைசி வழி, அதுக்கு நீங்க இன்னும் பக்கத்துலகூட வரல.

அது ஏன் இப்படி பிடிச்சிருக்குன்னா போல்ட் இரும்பு, மேனிஃபோல்ட் அலுமினியம், நடுவுல பல வருஷமா கூலன்ட் கசிஞ்சிருக்கும். அப்படி இருந்தா அலுமினியம் அரிச்சு வெள்ளையா பவுடர் மாதிரி ஒண்ணு மரை முழுக்க அடைச்சுக்கும், கழட்டின இன்னொரு போல்ட்ட எடுத்து பாருங்க, அதுலயும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். இப்ப 180 ரூபா ஈஸி அவுட் விஷயத்துக்கு வர்றேன். 12 ஸ்பானர் தலைன்னா உங்க வண்டியில அது எம்8, அதாவது 8 மி.மீ. போல்ட். அவ்ளோ தடி போல்ட்டே திரும்ப மாட்டேன்னு முறிஞ்சிருக்கு, அதுக்குள்ள ஓட்டை போட்டு இறக்கற ஈஸி அவுட் அதுல பாதி தடிமன்தான் இருக்கும், அது எப்படி திருப்பும்? போதாததுக்கு கூம்பு மாதிரி இருக்கறதால உள்ள இறங்க இறங்க போல்ட்ட விரிச்சு மரையில இன்னும் இறுக்கிவிடும். ஈஸி அவுட்டுங்கறது கெட்டியா கடினப்படுத்தின எஃகு, வளையாது, டக்குனு ஒடியும். உள்ள ஒடிஞ்சு நின்னுட்டா சாதா டிரில் பிட் அது மேல ஏறவே ஏறாது. எனக்கு ஒரு தடவை அப்படி ஆகி, பார்ட்ட கழட்டி எடுத்துக்கிட்டு ஸ்பார்க் மெஷின், அதாவது மின்பொறியால உலோகத்த அரிச்சு எடுக்கற மெஷின், வச்சிருக்கற பட்டறைக்கு போய்தான் எடுக்க முடிஞ்சது, அந்த ஒரு வாரம் வண்டி ஜாக்கி மேலயே நின்னுச்சு. அதனாலதான் இத இவ்ளோ அழுத்தி சொல்றேன். இறுக்கும்போது முறிஞ்ச போல்ட்டுக்கு ஈஸி அவுட் சரி, ஏன்னா அது உள்ள லூசாதான் இருக்கும். துரு பிடிச்சு முறிஞ்சதுக்கு வேணாம்.

இன்னிக்கு ராத்திரி ஒரு நல்ல பெனிட்ரேட்டிங் ஆயில் அடிங்க. வாங்கும்போது டப்பாவ திருப்பி படிச்சு வாங்குங்க, சாதா டபிள்யூடி-40 ஈரத்த விரட்டறதுக்குன்னு உருவாக்கினது, துரு இளக்கறதுக்குன்னு அதே கம்பெனி தனியா ஒண்ணு விக்கறாங்க, கேக்கறது அதுவா இருக்கட்டும். அடிச்சிட்டு சின்ன சுத்தியால போல்ட் நுனியில நேரா நாலு தட்டு, ஓங்கி அடிக்காதீங்க, அந்த அதிர்வுலதான் ஆயில் மரைக்குள்ள இறங்கும். காலையில மறுபடி, சாயங்காலம் மறுபடி. சூடு காட்டினா அலுமினியம் இரும்ப விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், அதனால பிடி விடும், ஆனா உங்க கேஸ்ல பக்கத்துலயே இன்ஜெக்டரும் பெட்ரோல் லைனும் போகுது, வண்டி மேல வச்சு நெருப்பு காட்டற வேலையே வேணாம்.

உண்மையில உங்களுக்கு நல்ல வழி நட் வெல்டிங். மேனிஃபோல்ட கழட்டி பையில போட்டுக்கிட்டு அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் போங்க, இவ்ளோ பக்கத்துல இருந்துக்கிட்டு ஆன்லைன்ல தேடறீங்க. சிஓடூ வெல்டிங் வச்சிருக்கற பட்டறையா பாருங்க. நீட்டிக்கிட்டு இருக்கற போல்ட் மேல ஒரு நட்ட வச்சு, நட்டோட ஓட்டைக்குள்ள வெல்டிங்க நிரப்புவாங்க, அது அலுமினியத்துல ஒட்டாது, போல்ட்ல மட்டும் ஒட்டும். பட்டறையில இருக்கறவர் அவசரப்பட்டா நீங்க சொல்லுங்க, செக்கச்செவேல்னு இருக்கும்போதே ஸ்பானர் போடக் கூடாது, சிவப்பு அடங்கட்டும். அப்புறம் ஒரே பக்கமா இழுக்காம இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம்னு அசைக்கணும். கிரீச்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அது வந்துட்டா போல்ட் வெளிய வருதுன்னு அர்த்தம். சத்தமே இல்லாம ஸ்பிரிங் மாதிரி மெத்துனு திரும்பினா போல்ட் முறுக்கிக்குது, உடனே நிறுத்திடணும். அன்னிக்கு உங்க கைக்கு திரும்பின மாதிரி தெரிஞ்சதே, அது இந்த முறுக்கம்தான். முதல் நட் பிச்சுக்கிட்டு வந்தாலும் பரவால்ல, இன்னொண்ணு வைக்கச் சொல்லுங்க, ஒவ்வொரு தடவை சூடாகும்போதும் பிடி இன்னும் இளகும்.

அதுக்கும் வரலைன்னாதான் டிரில். நுனிய அரத்தால தட்டையா ராவி, சரியா நடு மையத்துல சென்டர் பஞ்ச் அடிங்க, அடிச்சதும் போன் கேமராவுல பெருசாக்கி பாருங்க, அரை மி.மீ. தள்ளியிருந்தாலும் திருத்துங்க. அலுமினியம் மெத்துனு இருக்கறதால பிட் எப்பவும் அந்தப் பக்கமே சாயப் பாக்கும், சாஞ்சா மரை போச்சு. 3 மி.மீ.ல ஆரம்பிச்சு 5, கடைசியா 6.8, அதுக்கு மேல போகாதீங்க, எம்8-க்கு டேப் அடிக்கற, அதாவது புதுசா மரை வெட்டற, ஓட்டையே 6.8தான். காசு போடணும்னா இங்க போடுங்க, முழு செட் வேணாம், நல்ல கோபால்ட் லெஃப்ட் ஹேண்ட் பிட் 3-ல ஒண்ணு 5-ல ஒண்ணு போதும். டிரில் மெஷின ரிவர்ஸ்ல போட்டு மெதுவா ஓட்டணும், பிட் கழட்டற பக்கமாவே சுத்தறதால பாதி துளையிலயே போல்ட் தானா வெளிய வந்தத பல தடவை பார்த்திருக்கேன்.

புது போல்ட் ரெண்டுக்குமே வாங்கிடுங்க, முறிஞ்சத மட்டும் மாத்தறது வேணாம். தலையில 8.8-னு பொறிச்சிருக்கணும், நீளம் பழசோட வச்சு அளந்து வாங்கணும், பளபளன்னு இருக்கேன்னு ஸ்டெயின்லெஸ் வாங்கிடாதீங்க, அலுமினியத்தோட சேர்ந்தா அரிப்பு இன்னும் மோசமாகும். ஜி.பி. ரோட்டுல கிடைக்காத சைஸ் இல்ல.

கேள்வி: சர்வீஸுக்கு விட்ட இடத்துல சைலன்ஸர் பக்க போல்ட்ட முறிச்சிட்டு அத எடுக்கற செலவும் என் தலையில கட்டறாங்க. கொடுக்கணுமா சார்?

பதில்: சைலன்ஸர் பக்கம் சூட்டுலயே வெந்து கிடக்கற போல்ட், கவனமா செஞ்சாலும் முறியும், அதனால முறிஞ்சதுங்கறதாலயே மெக்கானிக் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா முறியலாம்னு முன்னாடி சொன்னாங்களா, கூடுதல் செலவுக்கு உங்க கிட்ட ஒப்புதல் வாங்கினாங்களா, இதுதான் கேக்க வேண்டியது. ரெண்டும் இல்லன்னா நீங்க வாதாடலாம். முறிஞ்ச துண்ட கேட்டு வாங்கி வைங்க, பில்ல தனித்தனியா எழுதச் சொல்லுங்க. பேசி தீரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதுக்கும் மசியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா புகாருக்கு கட்டணம் கிடையாது, பிரச்சினை நடந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், வக்கீல் வச்சுத்தான் ஆகணும்னும் இல்ல.

கேள்வி: போல்ட் முறியாம இருக்க டார்க் ரெஞ்ச் (வச்ச அளவு இறுக்கினதும் கிளிக் அடிக்கற ரெஞ்ச்) வாங்கலாம்னு இருக்கேன், அரை இஞ்ச் டிரைவ்ல ஆஃபர் போட்டிருக்காங்க, வாங்கலாமா அண்ணே?

பதில்: இருங்க, அதுல எழுதியிருக்கற ரேஞ்ச பாருங்க, நிறைய அரை இஞ்ச் ரெஞ்ச் 28-லேர்ந்து 210 நியூட்டன் மீட்டர் வரைக்கும்தான் இருக்கும். அது வீல் நட்டுக்கு நல்லது. வீட்ல நாம முறிக்கறது பெரும்பாலும் எம்6-உம் எம்8-உம், எம்6-க்கு 10 பக்கம்தான் வேணும், எம்8-க்கு 20, 25. அந்த ரெஞ்ச் கிளிக் அடிக்கறதுக்குள்ள போல்ட் போயிடும். 5-லேர்ந்து 25 வரைக்கும் காட்டற கால் இஞ்ச் டிரைவ் ஒண்ணு தேடி வாங்குங்க, விலை கொஞ்சம் கூட இருந்தாலும் பரவால்ல. கழட்டறதுக்கு அத தொடாதீங்க, வேலை முடிஞ்சதும் கீழ இருக்கற அளவுக்கு திருப்பி வச்சுடுங்க.