கணக்கு வருகிறது, கேள்விதான் புரியவில்லை

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். பிறவியிலேயே காது கேளாத என் மகன் நான்காம் படிவம் படிக்கிறான். சமன்பாடு கொடுத்தால் மளமளவென்று போட்டுவிடுவான். வசனக் கணக்கு, அறிவியல் விளக்கக் கேள்வி என்றால் திணறுகிறான். ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வில் கூடுதல் நேரம் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடுமா?

பதில்: கூடுதல் நேரம் கட்டாயம் கேளுங்கள். ஆனால் தெரியாத சொல்லை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது தெரியாத சொல்தான்.

வினாத்தாளில் வரும் 'செக்குராங்-குராங்ஞா' என்ற மலாய்ச் சொல்லையே பாருங்கள். 'செக்குராங்-குராங்ஞா 5' என்றால் 5 அல்லது அதற்கு மேல். ஆனால் சொல்லுக்குள் உட்கார்ந்திருப்பது 'குராங்', அதாவது குறைவு. காது கேட்கும் பிள்ளைகள் இதைக் கடையிலும் தொலைக்காட்சியிலும் கேட்டுக் கேட்டே பழகிவிடுகிறார்கள். உங்கள் மகனுக்கு அது தாளில்தான் அறிமுகம். 'குராங்' கண்ணில் பட்டதும் சிறியது குறியைப் போட்டுவிடுவான். அவனைக் குறை சொல்ல முடியுமா? 'குவாசா' இன்னும் மோசம்: கணிதத்தில் அடுக்கு, இயற்பியலில் திறன், நாளிதழில் அதிகாரம். மூன்றுக்கும் ஒரே சைகையைக் காட்டிக்கொடுத்தால் குழப்பம்தான். அறிவியலில் 'ஞாத்தாக்கான்' (குறிப்பிடுக) என்றால் ஒரு வரி போதும். 'தெராங்கான்' (விளக்குக) என்றால் காரணமும் சேர்த்து எழுத வேண்டும்.

அதனால் பழைய வினாத்தாளைக் கொடுத்து, கணக்கைப் போடச் சொல்லாமல், புரியாத சொற்களை மட்டும் வட்டமிடச் சொல்லுங்கள். எங்கே இடிக்கிறது என்று ஒரே மாலையில் தெரிந்துவிடும்.

சைகை மொழிபெயர்ப்பாளர் உதவி கிடைத்தாலும் ஒரு சிக்கல் உண்டு. முக்கோணத்தையோ செங்கோணத்தையோ கையால் காட்டினால் சில கேள்விகளில் விடையே வெளியாகிவிடும். அப்படிப்பட்ட சொற்களை விரலெழுத்தில், அதாவது ஒவ்வோர் எழுத்தாக விரலால்தான் காட்ட முடியும். ஆகவே எழுத்துக்கூட்டலும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று: 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் காது கேளாதோரின் மொழியாக ஏற்றிருப்பது மலேசிய சைகை மொழியை. மலாய் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் கையால் காட்டும் 'கோட் தாங்கான்' வேறு. உங்கள் மகனுக்கு எது நன்றாகப் புரிகிறது என்று அவனிடமே கேட்டு ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் தேர்வு வாரியத்துக்குப் போகும். ஓ.கே.யூ. அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை), செவித்திறன் பரிசோதனை அறிக்கை இரண்டையும் இப்போதே தயாராக வைத்துக்கொண்டு, ஐந்தாம் படிவம் வரும்வரை காத்திராமல் ஆசிரியரைப் பாருங்கள். கூடுதல் நேரம், தனி அறை, மொழிபெயர்ப்பாளர் என்று என்னென்ன கேட்கலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், கேட்கும் அதே ஏற்பாட்டைப் பள்ளியின் முன்னோட்டத் தேர்விலும் கேளுங்கள். கூடுதல் நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்று தெரியாமல், எழுதிய சரியான விடையை அடித்துத் திருத்திய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.