டார்ஜிலிங் ஜூ: புது வரவுகள் பற்றிக் கேட்டீர்களே!

டார்ஜிலிங் போய்வந்தவர்களும் போகப்போகிறவர்களுமாகப் பத்மஜா நாயுடு இமயமலை உயிரியல் பூங்காவைப் பற்றி நிறையக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

மதுரையிலிருந்து ஒருவர்: சைபீரியப் புலி வந்ததாமே, உண்மையா சார்? எங்கிருந்து?

உண்மைதான். 2023 டிசம்பரில் சைப்ரஸ் நாட்டின் பாஃபோஸ் ஜூவிலிருந்து லாரா, அகாமாஸ் என்று ஒரு ஜோடி வந்தது. பதிலுக்கு டார்ஜிலிங்கிலிருந்து இரண்டு சிவப்புப் பாண்டாக்கள் (கறுப்பு வெள்ளைப் பெரிய பாண்டா இல்லை, பூனையைவிடச் சற்றுப் பெரிய மரமேறி விலங்கு) அங்கே போயின. ஜூக்களுக்குள் பெரும்பாலும் இப்படிப் பண்டமாற்றுதான்.

இந்த ஊருக்குச் சைபீரியப் புலி புதுசும் இல்லை. 1960-லேயே சோவியத் தலைவர் குருஷ்சேவ் ஒரு ஜோடியைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். பூங்கா தொடங்கியதே 1958 ஆகஸ்டில்தான். புலிக்குத்தான் எப்போதும் கூட்டமும் செய்தியும். என்னைக் கேட்டால் பெரிய வரவு அதுவல்ல, அடுத்த கேள்வியில் இருப்பது.

கோவையிலிருந்து ஒரு அம்மா: சிவப்புப் பாண்டாவுக்கே பேர்போன ஜூ அது. அப்புறம் எதற்கு ஹாலந்திலிருந்து வேறு வரவழைக்கிறார்கள்? ஏதோ விளம்பரம் மாதிரி இருக்கிறதே?

விளம்பரம் இல்லைம்மா. 2024 அக்டோபரில் ராட்டர்டாம் ஜூவிலிருந்து விஷால், கோசி என்று இரண்டு வந்தன. பெயர்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாதிரி, பிறந்ததெல்லாம் ஐரோப்பாவில்.

ஒரு ஜூவில் சில ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகக் குட்டி எடுத்தால், கொஞ்ச காலத்தில் எல்லாமே ஒன்றுக்கொன்று உறவாகிவிடும். நம் வீடுகளில் சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்யாதீர்கள் என்று டாக்டர்கள் சொல்வது எதற்கோ, அதே காரணம்தான் இங்கேயும். குட்டிகள் நோஞ்சானாகப் பிறக்கும், சீக்கிரம் சாகும், போகப்போகக் கருத்தரிப்பதே குறையும். அதனால் சிவப்புப் பாண்டாவுக்கென்று உலக அளவில் வம்சாவளிப் பதிவேடு ஒன்று இருக்கிறது. எந்த ஆணுக்கு அப்பா யார், பாட்டி யார், எந்த ஜூவில் பிறந்தது என்று எல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். 1990-களில் இங்கே இனப்பெருக்கத் திட்டம் தொடங்கியபோதும் ஐரோப்பிய ஜூக்கள் பாண்டா கொடுத்து உதவியிருக்கின்றன.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இமயமலைப் பாண்டாவும் சீனப் பாண்டாவும் தனித்தனி இனம் என்று 2020-ல் வெளியான மரபணு ஆய்வு சொன்னது. ஆகவே புது ரத்தம் வேண்டும் என்பதற்காகக் கிடைத்ததை வாங்கி ஜோடி சேர்த்துவிட முடியாது. இமயமலை வம்சம்தான் வேண்டும்.

ஈரோட்டுத் தம்பி ஒருவர்: புதுசாக வந்த மிருகத்தை ஏன் அண்ணா உடனே காட்ட மாட்டேன் என்கிறார்கள்?

வந்ததும் தனிமைப்படுத்தி வைப்பார்கள் தம்பி. குறைந்தது 30 நாள் என்பது வழக்கம். சாணம், ரத்தம் எல்லாம் பரிசோதித்து, பழைய கூட்டத்துக்கு நோய் எதுவும் தொற்றாது என்று தெரிந்த பிறகே மற்ற விலங்குகளிடம் விடுவார்கள்.

சிவப்புப் பாண்டா என்றால் கூடுதல் பயம், நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய். தெருநாய் ஒன்று வேலியோரம் வந்து போனாலே ஆபத்து. ஊசி போட்டுவிட்டால் போச்சு என்று தோன்றும். ஆனால் நாய்க்குப் போடுகிற, உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்த தடுப்பூசியைப் போட்டு, அந்த ஊசியாலேயே நோய் வந்து செத்த பாண்டாக்கள் உண்டு. இவற்றுக்கு வேறு வகைத் தடுப்பூசி வேண்டும்.

சேலத்திலிருந்து: இத்தனை தூரம் போயும் பனிச்சிறுத்தையைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. இருக்கிறதா, இல்லையா?

இருக்கிறது. 1983-லிருந்து இங்கே பனிச்சிறுத்தை இனப்பெருக்கம் நடக்கிறது. ஆனால் அதற்கான வேலை பெரும்பாலும் டோப்கே தாரா என்ற இடத்தில், ஆட்கள் போகாத தனி மையத்தில் நடக்கிறது. கூட்டமும் செல்ஃபியும் சத்தமும் இருந்தால் தாய் குட்டியைச் சரியாகக் கவனிக்காது. டிக்கெட் வாங்கிப் போன நமக்கு ஏமாற்றம்தான், ஆனால் அவர்கள் செய்வது சரி.

பாண்டா கூண்டு முன்னால் கொஞ்ச நேரம் பொறுமையாக நில்லுங்கள். முன்காலில் மணிக்கட்டு எலும்பு ஒன்று நீண்டு, கட்டைவிரல் மாதிரி இருக்கும். அதை வைத்து மூங்கில் கொப்பைப் பிடித்து, வாயோரமாகக் கொண்டுபோய் இலையை மட்டும் கடித்து இழுக்கும். உள்ளங்காலிலும் முடி இருக்கும். தின்று முடித்ததும் கிளையில் சுருண்டு, வாலால் முகத்தை மூடிக்கொண்டு தூங்கப் போய்விடும். ஒருநாளின் பெரும்பகுதி அதற்குத் தின்பதும் தூங்குவதும்தான். மூங்கிலில் அவ்வளவு சத்தில்லை, பாவம் என்ன செய்யும்!

திருச்சியிலிருந்து: கூண்டில் பிறந்ததைக் காட்டில் விட்டால் பிழைக்குமா? சும்மா கணக்குக் காட்டுகிறார்களோ?

நியாயமான சந்தேகம். 2003-ல் முதன்முதலாக ஸ்வீட்டி, மினி என்று இரண்டு பெண் பாண்டாக்களைச் சிங்காலிலா தேசியப் பூங்காவில் விட்டார்கள். மினியை வேறொரு விலங்கு அடித்துவிட்டது. ஸ்வீட்டி காட்டு ஆணோடு சேர்ந்து குட்டி போட்டது. அந்த ஒன்றிலேயே தெரிந்தது, வழி இருக்கிறது, ஆனால் எளிதில்லை என்று.

2022-க்கும் 2024-க்கும் இடையில் 7 பெண், 2 ஆண் என்று மொத்தம் 9 பாண்டாக்களை விட்டார்கள். அந்தப் பெண்களில் 3 காட்டிலேயே 5 குட்டிகளை ஈன்றன. இந்தத் திட்டம் 2024-ல் உலக உயிரியல் பூங்காக்கள் சங்கத்தின் பாதுகாப்பு விருதுக்கு இறுதிச் சுற்றுக்கு வந்த மூன்றில் ஒன்றாக இருந்தது. விட்ட எண்ணிக்கையை விட இந்த 5 குட்டிகளைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். விடுவது யாராலும் முடியும், அங்கே போய்க் குட்டி போட வேண்டுமே. காடு நன்றாக இல்லையென்றால் அதுவும் நடக்காது.

ஊட்டியிலிருந்து: எங்கள் ஊரிலும் குளிர்தான். ஒரு ஜோடி இங்கே கொண்டுவரக் கூடாதா?

குளிர் மட்டும் போதாது. 25 டிகிரிக்கு மேல் போனாலே பாண்டா தவிக்கும் என்பதால் சமவெளி ஜூக்களுக்கு இது தோதுப்படாது, சரி. ஆனால் ஊட்டியில் வைத்தாலும் தினமும் புது மூங்கில் வேண்டும், இந்த விலங்கை அறிந்த கால்நடை மருத்துவர் வேண்டும், நாய் அண்டாத இடம் வேண்டும். அதைவிட, ஒரு ஜோடியை மட்டும் தனியே பிரித்துக் கொண்டுவந்தால் மேலே சொன்ன உறவுச் சிக்கல் இங்கேயும் வரும். ஒரு ஜூவிலிருந்து இன்னொன்றுக்கு இப்படிப்பட்ட விலங்கை மாற்ற மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். ஆசைப்பட்டதும் நடந்துவிடாது.

சென்னை மாணவி ஒருவர்: "உறைந்த ஜூ" என்று படித்தேன். அது என்ன?

2024 ஜூலையில் ஹைதராபாத்தின் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து டார்ஜிலிங் ஜூ தொடங்கியது. இயற்கையாகவோ விபத்திலோ இறந்த விலங்கின் திசுவை எடுத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைப்பார்கள். மரபணு மாதிரிகள் அழியாமல் இருக்கும், பின்னால் ஆராய்ச்சிக்கு உதவும். இறந்ததை உயிர்ப்பிக்கும் வித்தை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வேலூரிலிருந்து: இந்தியாவில் முதலிடம் இதற்குத்தானா? நம்ம வண்டலூருக்கு இல்லையா?

2022-ல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் போட்ட பட்டியலில் டார்ஜிலிங் முதல், வண்டலூர் இரண்டாவது, மைசூர் மூன்றாவது. பரப்பளவில் டார்ஜிலிங் சுமார் 27 ஹெக்டேர், வண்டலூரோ 602. பெரிசு பெரிசுதான், ஆனால் மார்க் வேறு கணக்கு.

நெல்லையிலிருந்து: எந்தக் கிழமை போகலாம்?

வியாழன் விடுமுறை, அன்று போகாதீர்கள். டென்சிங் நார்கே தொடர்புள்ள மலையேற்றப் பயிற்சி நிலையமும் அதே வளாகத்தை ஒட்டித்தான் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம். வயசானவர்களை அழைத்துப் போனால் மெதுவாக நடங்கள். சுமார் 7,000 அடி உயரம், ஏற்றமும் உண்டு.