திறமை வீணாகிறதா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குடும்பத்தோடு நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் சட்டம் முடித்துவிட்டாள். பெரிய நிறுவனத்தில் கிடைத்த வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, வாடகை வீட்டு வழக்குகளில் ஏழைகளுக்கு இலவசமாக வாதாடும் அமைப்பில் சேரப்போகிறாளாம். கல்விக் கடன் கழுத்தை நெரிக்கிறது. இவ்வளவு திறமையை வீணடிக்கலாமா?

ஒரு தகப்பன்

அன்புள்ள நண்பருக்கு,

கடன் கவலை நியாயமானது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 2007ல் வந்த சட்டப்படி, அரசு வேலையிலோ லாபநோக்கற்ற அமைப்பிலோ முழுநேரம் இருந்துகொண்டு 120 மாதத் தவணைகளை விதிப்படி கட்டினால் மத்திய அரசுக் கல்விக் கடனில் மீதி தள்ளுபடி. தனியார் கடனுக்கு இது கிடையாது. உங்களுடையது எது என்று இன்றைக்கே பாருங்கள். சம்பளம் குறைவுதான், அதில் சந்தேகமில்லை.

ஆனால் திறமை வீண் என்கிறீர்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. திருட்டு வழக்கில் மாட்டியவனுக்கு வசதியில்லை என்றால் அரசே வக்கீல் வைத்துத் தரவேண்டும், உச்ச நீதிமன்றத்தின் 1963 கிடியன் தீர்ப்பு அது. வீட்டை விட்டுத் துரத்தப்படும் தாய்க்கு அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் அந்த உரிமை இல்லை, ஏனென்றால் அது சிவில் வழக்கு. (நியூயார்க் நகரம்தான் முதலில், 2017ல், அதற்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது.) அதனால் நிறைய வழக்குகள் நீதிமன்ற வராந்தாவிலேயே முடிந்துபோகின்றன. வீட்டுக்காரரின் வக்கீல் ஒரு சமரசத் தாளை நீட்டுவார், கையெழுத்துப் போட்டால் இப்போதே கிளம்பலாம் என்பார், இடுப்பில் குழந்தையோடு வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தவள் போட்டுவிடுவாள். குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடாத வீட்டுக்கு வாடகையைக் குறைக்கச் சொல்லி வாதாடலாம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்காது. அங்கே உங்கள் மகள் நின்றால் அந்தத் தாளை வாங்கிப் படிப்பாள்.

எட்வர்ட் ஸ்பேரர் என்று ஒருவர் இருந்தார். தொழிற்சங்க வக்கீலாக இருந்து, 1960களில் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு ஏழைகளுக்கான சட்ட உதவிக்கு வந்தவர். அரசு உதவித்தொகை பிச்சையல்ல, உரிமை என்று நீதிமன்றத்தில் நிலைநாட்ட வேண்டும் என்பதுதான் அவருடைய வேலைத்திட்டம். அந்த வழியில் வந்ததுதான் கோல்ட்பர்க் எதிர் கெல்லி வழக்கு. ஜான் கெல்லி கார் மோதி ஊனமாகி, அந்த உதவித்தொகையில் வாழ்ந்தவர். குடிகாரர்களும் போதைக்காரர்களும் இருந்த ஒரு விடுதிக்கு மாறும்படி உதவித்தொகை அதிகாரிகள் சொன்னார்கள். அவர் அங்கே இருக்க முடியாமல் நண்பர் வீட்டுக்குப் போய்விட, தொகையை நிறுத்திவிட்டார்கள். முதலில் நிறுத்துவோம், விசாரணை அப்புறம் என்பதுதான் அன்றைய முறை. சாப்பாட்டுக்கே அதை நம்பியிருப்பவர் அதுவரை என்ன செய்வார்? விசாரிக்காமல் நிறுத்தக்கூடாது என்று 1970ல் உச்ச நீதிமன்றம் 5-3 என்று தீர்ப்பளித்தது. முகம் தெரியாத லட்சக்கணக்கானவர்களுக்கு அது பாதுகாப்பு. எந்த நிறுவன ஒப்பந்தத்தை எழுதினால் இந்த அளவுக்குத் திறமை பயன்படும், சொல்லுங்கள்?

மகளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். அந்த அமைப்பு, 1974ல் உருவான மத்திய சட்ட உதவிக் கழகத்தின் நிதியை வாங்குகிறதா? வாங்கினால், 1996ல் போட்ட தடையின்படி பலருக்காகச் சேர்த்துத் தொடுக்கும் குழு வழக்குகளை அவர்கள் நடத்த முடியாது. தனித்தனி ஆட்களுக்காக நிற்பதும் பெரிய வேலைதான், ஆனால் ஸ்பேரரைப் போல விதியையே மாற்றும் ஆசை அவளுக்கு இருந்தால், சேருவதற்கு முன் சம்பளத்தை விட முக்கியமாக விசாரிக்க வேண்டியது இதைத்தான்.