பேர் போடாத கை

கேள்வி: பி.இ. முடித்த என் மகன் காமிக்ஸ் ஓவியனாகப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். நானும் சின்ன வயதில் இரும்புக்கை மாயாவி படித்தவன்தான். ஆனால் அதை வரைந்தவர் யாரென்று யாருக்காவது தெரியுமா? பொம்மை போட்டு எவன் முன்னுக்கு வந்தான்? அவனுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள்.
- ஒரு தகப்பன், பாலக்கோடு

பதில்: அவனுக்கு அப்புறம் சொல்கிறேன், முதலில் உங்களுக்கு. வரைந்தவர் பேர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1919-ல் பார்சிலோனாவில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே பத்திரிகைகளுக்கு வரைய ஆரம்பித்து, தம்பிகளையும் கூட உட்கார வைத்துத் தொழில் செய்தார். 1962-ல் லண்டன் வாரப் பத்திரிகை 'வாலியண்ட்' மாயாவியை வெளியிட்டது. 1972-ல் முத்து காமிக்ஸ் அதையே தன் முதல் இதழாகத் தமிழில் கொண்டுவந்தது.

அந்தக் கதையை இப்போது எடுத்துப் பாருங்கள். மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் தெரியும். முகம் இல்லாத கதாநாயகன்! கோபம், பதற்றம், அவசரம் எல்லாவற்றையும் ஐந்து விரல்களை வைத்தே காட்டியாக வேண்டும். பிளாஸ்கோ காட்டினார். வெறுமையான கட்டத்தில் ஒரு கை கதவுப் பிடியைத் திருகினால், பின்னால் ஓர் ஆள் நிற்பது நமக்குத் தெரிந்தது.

பேர் தெரியாமல் போனது அவர் குற்றமா? அந்தக் கால பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைகள் ஓவியர் பேரைப் போடுவதில்லை. கையெழுத்துப் போட்டாலும் வெள்ளை அடித்துவிடுவார்கள். '2000 ஏடி' என்ற பிரிட்டிஷ் காமிக்ஸ் பத்திரிகை 1977-ல் பேர் போடத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. உங்கள் தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்களிலும் செத்த வீரன் பேர் இருக்கும், அரசன் பேர் இருக்கும். செதுக்கியவன் பேரைத் தேடிப் பாருங்கள்!

காசு விஷயத்தில் உங்கள் பயம் நியாயம்தான். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரும் 1938-ல் மொத்த உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் கோர்ட் படியேறினார்கள். அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பி தன் கையால் வரைந்த மூலப் பக்கங்களைத் திரும்ப வாங்கவே மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. திறமை இல்லாமலா? கையெழுத்துப் போட்ட காகிதம் அப்படி.

ஆகவே மகனிடம் சொல்லுங்கள்: இப்போதைக்கு ஒரு வேலையில் இருக்கட்டும், ராத்திரி வரையட்டும். ஒப்பந்தம் என்று யார் நீட்டினாலும் கடைசி வரி வரை படிக்கட்டும். அப்படியே வசனமே இல்லாமல் இரண்டு பக்கக் கதை ஒன்றை எங்களுக்கு அனுப்பட்டும். கதை புரிந்தால் போடுவோம், சன்மானம் உண்டு. பேரும் போடுவோம்.