கணினிக் கேள்வி–பதில்: செருகுநிரலுக்கு எங்கே வாசல் வைப்பது?

கேள்வி: எங்கள் அலுவலக இணையதளத்துக்காக டெம்ப்ளேட் (பக்க வார்ப்புரு) கோப்புகளை பிஎச்பி நிரலாக மாற்றும் கம்பைலர் ஒன்றை பிஎச்பியில் நானே எழுதியிருக்கிறேன். ஆளுக்கொரு வசதி கேட்பதால், கம்பைலரைத் தொடாமல் அவரவரே செருகுநிரல் (பிளகின்) எழுதிக்கொள்ள வழி செய்யலாம் என்றிருக்கிறேன். டெம்ப்ளேட் கோப்பைப் படித்தவுடன் அப்படியே செருகுநிரலிடம் கொடுத்து, அது திருத்தித் தருவதைக் கம்பைல் செய்தால் போதாதா?

பதில்: முதல் செருகுநிரலுக்குப் போதும். பிஎச்பி டெம்ப்ளேட் கருவியான ஸ்மார்ட்டியில் ப்ரீஃபில்டர் என்று இருப்பது நீங்கள் சொல்லும் இதே ஏற்பாடுதான். வேண்டாத குறிப்புரைகளை நீக்குவது போன்ற சில்லறை வேலைகளுக்கு அது நன்றாகவே உதவுகிறது. ஆனால், பக்கத்திலுள்ள ஒவ்வொரு படமும் திரைக்கு அருகே வரும்போது மட்டும் இறங்கும்படி, படத்தைக் காட்டும் எச்டிஎம்எல் குறியான ஐஎம்ஜி டேக் அனைத்திலும் ‘லோடிங்’ என்ற பண்பைச் சேர்க்க ஒருவர் செருகுநிரல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளைத் தேடி மாற்றும் நிரலுக்குக் குறிப்புரைக்குள் கிடக்கும் ஐஎம்ஜியும், ஜாவாஸ்கிரிப்ட் மேற்கோளுக்குள் இருக்கும் ஐஎம்ஜியும் ஒன்றுதான். படத்தின் மாற்று உரையில் யாராவது ‘விலை > 100’ என்று எழுதியிருந்தால், அந்தக் குறியையே டேக்கின் முடிவாக எடுத்துக்கொண்டு நடுவிலேயே வெட்டிவிடும். போதாக்குறைக்கு, செருகுநிரல் ஆறு வரிகளைக் கூடுதலாக நுழைத்திருந்தால், 41ஆம் வரியில் உள்ள பிழையை உங்கள் கம்பைலர் 47ஆம் வரியில் இருப்பதாகச் சொல்லும். டெம்ப்ளேட் எழுதியவர் அங்கே போய்த் தேடிக்கொண்டிருப்பார்.

ஆகவே, டெம்ப்ளேட்டைப் பகுத்துப் படிக்கும் பார்சர் தன் வேலையை முடித்து, அதன் பகுதிகளைக் கணுக்களாக அடுக்கிய தொடரமைப்பு மரத்தைக் கட்டிய பிறகு, பிஎச்பி நிரலாக மாற்றும் முன், செருகுநிரலுக்கான வாசலை வையுங்கள். இன்னொரு பிஎச்பி டெம்ப்ளேட் கருவியான ட்விக் இதைத்தான் செய்கிறது: மரத்தின் ஒவ்வொரு கணுவுக்குள் நுழையும்போதும், அதைவிட்டு வெளியேறும்போதும் செருகுநிரலை அழைக்கிறது, வெளியேறும்போது செருகுநிரல் ‘நல்’ (null, வெற்று மதிப்பு) திருப்பினால் அந்தக் கணுவே நீக்கப்பட்டுவிடும். ஆனால் ட்விக்கின் மரத்தில் எச்டிஎம்எல் முழுவதும் வெறும் உரைதான். அங்கே ஐஎம்ஜி என்றொரு கணு கிடையாது. ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளான வியூ (Vue), பக் (Pug) ஆகியவற்றின் கம்பைலர்களோ டேக்குகளையும் கணுக்களாகப் பிரிக்கின்றன. உங்கள் பார்சர் இவற்றில் எந்த வகை என்பதைப் பார்த்த பிறகே, செருகுநிரல் எழுதுவோருக்கு எதைச் செய்யலாம் என்று வாக்குக் கொடுங்கள்.

இரண்டாவது செருகுநிரல் வந்ததும் யார் முதலில் ஓடுவது என்ற சிக்கல் எழும். பயனர் தந்த மதிப்புகளை எஸ்கேப் செய்யும் (அவை நிரலாக ஓடாதபடி சிறப்புக் குறிகளை மாற்றும்) கட்டம் முடிந்த பிறகு, வேறொரு செருகுநிரல் புதிதாக ஒரு மாறியைக் கணுவில் சேர்த்தால், அது காப்பில்லாமல் பக்கத்துக்குப் போய்ச் சேரும். தாக்குபவருக்கு அந்த ஒரு இடமே போதும். ட்விக்கில் ஒவ்வொன்றுக்கும் முன்னுரிமை எண் உண்டு, சிறிய எண் முதலில் ஓடும். அந்த எண் -10 முதல் 10 வரை இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. ஆனால் எல்லாருக்கும் பின்னால் ஓட வேண்டிய ட்விக்கின் சொந்த ஆப்டிமைசரே (மரத்தைச் செம்மைப்படுத்தும் பகுதி) 255 வைத்துக்கொண்டிருக்கிறது! நீங்கள் எண்ணை விட்டுவிட்டு, ‘எஸ்கேப்புக்கு முன்’, ‘எஸ்கேப்புக்குப் பின்’ என்று இரண்டே வாசல்களாக வைத்து, பின்வாசலை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: செருகுநிரலைத் திருத்திய பின்னும் பழைய பக்கமே வருகிறது. ஏன்?

பதில்: கம்பைல் செய்த கோப்பு பழையதா என்று பார்க்கும்போது டெம்ப்ளேட்டின் தேதியை மட்டும் ஒப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். செருகுநிரல்களின் பெயர்ப் பட்டியலையும் அவற்றின் வரிசையையும் கேஷ் சாவியில் (கம்பைல் செய்து சேமித்த கோப்பை அடையாளம் காட்டும் பெயரில்) சேருங்கள். செருகுநிரல் கோப்புகளின் தேதியையும் அந்த ஒப்பீட்டில் சேருங்கள். அதுவரை, திருத்தும் ஒவ்வொரு முறையும் கேஷ் கோப்புறையைக் காலி செய்ய வேண்டியதுதான்.