ஸ்டீல்ஹெட் பிடிக்கப் படகு வேண்டுமா?

கேள்வி: வாஷிங்டன் மாநிலத்தில் ரெட்மண்டில் இருக்கிறேன். மீன்பிடி உரிமம் எடுத்துவிட்டேன். டிசம்பரில் ஸ்கைகோமிஷ் ஆற்றில் ஸ்டீல்ஹெட் பிடிக்க ஆசை. 'கரையில் நின்றால் ஒன்றும் சிக்காது, படகுப் பயணம் பதிவு செய்யுங்கள், மீன் நிச்சயம்' என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். கட்டலாமா? பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுவரலாமா? நண்பரிடம் ரப்பர் படகும் இருக்கிறது.

பதில்: கட்டாதீர்கள். ஸ்டீல்ஹெட் என்பது கடலுக்குப் போய்த் திரும்பும் ரெயின்போ டிரவுட்தான். பண்ணையில் வளர்த்து ஆற்றில் விடப்பட்ட மீன், விட்ட இடத்தையே தேடி வரும். ஸ்கைகோமிஷ் கரையில், கோல்ட் பார் ஊருக்குப் பக்கத்தில் ரைட்டர் பாண்ட்ஸ் பண்ணை இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் அதன் கீழே கரையில் ஆட்கள் தோளோடு தோள் நிற்பது அதனால்தான். படகில் போனால் அதிக இடம் பார்க்கலாம், அவ்வளவே. மழை விட்டு, தண்ணீர் கலங்கலிலிருந்து பச்சைக்கு மாறும் நாளில் போங்கள். நாம் நடக்கிற வேகத்தில் ஓடும், ஆள் மூழ்கும் ஆழமுள்ள நீரில் தக்கையை மிதக்க விடுங்கள்.

'மீன் நிச்சயம்' என்பவரை நம்பவே வேண்டாம். இந்த மீனுக்கு நாள் முழுக்க நின்று வெறுங்கையோடு திரும்புவது எனக்கே வழக்கம். இப்படிப் பேசுபவர்களில் பலர் படகோட்டிகளே அல்லர், நடுவில் கமிஷன் பார்ப்பவர்கள். காசு வாங்கிக்கொண்டு அழைத்துப் போகிறவருக்கு மாநிலத்தின் வழிகாட்டி உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். ஆறு மூடப்பட்டால் பணம் திரும்புமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அதோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இங்கே விதி ராத்திரியோடு ராத்திரியாக மாறும். 2020 டிசம்பரில், மாநிலத்தின் மேற்கே உள்ள ஒலிம்பிக் தீபகற்ப ஆறுகளில் படகிலிருந்து தூண்டில் போடுவதையே தடை செய்தார்கள். படகில் போகலாம், ஆனால் இறங்கி நின்றுதான் பிடிக்க வேண்டும் என்றார்கள். மீன் குறைந்துபோனது உண்மை, தடையில் எனக்குக் குறையில்லை. ஆனால் உரிமம் ஏப்ரல் முதல் மார்ச் வரை, விதிப் புத்தகமோ ஜூலை முதல் ஜூன் வரை, அதன் மேல் அவசர அறிவிப்புகள் தனியாக. சாமானியன் எதைப் பார்ப்பான்? நீங்கள் கிளம்பும் அன்று காலை மீன்வளத் துறை இணையதளத்தில் அவசர விதிகளைப் பாருங்கள். புத்தகத்தை நம்பி அபராதம் கட்டாதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவருவது மீனின் துடுப்பைப் பொறுத்தது. முதுகின் பெரிய துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சின்னதாக, சதைத் துணுக்கு போல ஒன்று இருக்கும். கொழுப்புத் துடுப்பு. அடையாளத்துக்காக அது வெட்டப்பட்டிருந்தால் பண்ணை மீன், வைத்துக்கொள்ளலாம். இருந்தால் காட்டு மீன், விட்டுவிட வேண்டும். ஸ்கைகோமிஷ் தண்ணீர் போய்ச் சேரும் கடல் உள்வாயான பியூஜெட் சவுண்ட் பகுதிக் காட்டு ஸ்டீல்ஹெட் 2007 முதல் பாதுகாக்கப்பட்ட இனம். படம் எடுக்கக்கூட அதைத் தண்ணீரை விட்டு முழுதாகத் தூக்கக் கூடாது.

சிக்கல் பாதித் துடுப்பில். துடுப்பு இல்லாதது மட்டும் போதாது, வெட்டிய இடத்தில் தழும்பு ஆறியிருக்க வேண்டும். விரலால் தடவினால் வழவழப்பாக இருக்கும். ரத்தம் கசிந்தாலோ, பிய்ந்து தொங்கினாலோ அது கல்லில் உரசியதாக இருக்கலாம், நீர்நாய் கடித்ததாகவும் இருக்கலாம். அதைப் பண்ணை மீன் என்று சொல்லி அதிகாரியிடம் தப்ப முடியாது. கொழுப்புத் துடுப்பு முழுதாக இருந்து, வயிற்றுத் துடுப்பு வெட்டப்பட்டு ஆறியிருந்தால் அதுவும் பண்ணை மீன்தான். அரிது, ஆனாலும் வயிற்றுப் பக்கமும் ஒரு பார்வை பாருங்கள். குட்டையாகத் துடுப்பு மிச்சம் இருந்து, வெட்டியதா வளர்ந்ததா என்று குழப்பமாக இருந்தால் விட்டுவிடுங்கள். வைத்துக்கொள்ளும் மீனை, அடுத்த முறை தூண்டில் வீசும் முன், அங்கேயே நின்று, உரிமத்தோடு தரும் பதிவு அட்டையில் எழுதுங்கள்.

நண்பரின் ரப்பர் படகை இன்டெக்ஸ் ஊர்ப் பக்கம் இறக்க வேண்டாம். அதற்குக் கீழேதான் போல்டர் டிராப் இருக்கிறது, துடுப்புப் போட்டுப் பல வருடம் பழகியவர்களே கரையேறிப் பார்த்துவிட்டு இறங்கும் பாறைச் சரிவு. சுல்தான் ஊருக்குக் கீழேயும், ஆற்றை அறிந்த ஒருவர் கூட வந்தால் மட்டும் இறக்குங்கள். மிதவைச் சட்டையைப் படகின் மூலையில் போடாமல் உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள்.